சிறுநீரகக் கல்லையும் படிக நோய்களையும் ஆராய வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரகக் கல் ஆராய்ச்சிக்கு வர விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பெரும்பாலான மனிதர்களின் சிறுநீர், கற்களில் மிகுதியாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட்டைப் பொறுத்தவரை, மீதெவிட்டிய நிலையில்தான், அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் அது கரைந்திருக்கும் நிலையில்தான், இருக்கிறது. அப்படியிருந்தும் அவர்களில் பெரும்பாலோருக்குக் கல் உண்டாவதில்லை. மீதெவிட்டல் என்பது படிகம் உருவாக இடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் படிகம் ஏன் இந்த மனிதரிடம், சிறுநீரகத்தின் இந்த இடத்தில் தங்கிக் கல்லாக வளர்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. வேதியியல் சொல்வதற்கும் உடல் செய்வதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்நாள் பணி இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. படிப்பு, பயிற்சி, கருவி, கேள்வி, கூட்டாளிகள் ஆகிய எதைத் தேர்ந்தெடுக்கும்போதும், அது இந்த இடைவெளியின் இரு கரைகளையும் தொட உதவுகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நுழைவாசல்

வேதியியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், மருத்துவம், பொருளறிவியல் ஆகிய எதைப் படித்தவரும் இத்துறைக்கு வரலாம். பட்டத்தின் பெயரைவிட, அந்தப் பட்டம் கற்பிக்காமல் விட்டது எது என்பதை அறிந்து, அதை முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஈடுசெய்துகொள்வதே முக்கியம். வேதியியல் படித்தவர், கல் நோயாளிகளைப் பார்க்கும் புறநோயாளர் பிரிவில் அனுமதி பெற்றுத் தொடர்ந்து சில மாதங்கள் உட்கார வேண்டும். ஒரே வகைக் கல் ஒருவருக்கு ஒருமுறை வந்து நின்றுவிடுவதையும் இன்னொருவருக்கு ஆண்டுதோறும் வருவதையும் நேரில் பார்த்தால்தான், ஆய்வகத்தில் அளக்கும் எண்களுக்கு எடை கூடும். மருத்துவம் படித்தவர், கரைதிறன் பெருக்கம், அயனிகளின் செயலாற்றல், கால்சியத்தைச் சிட்ரேட்டும் ஆக்சலேட்டை மெக்னீசியமும் பிணைத்துவைக்கும் விதம் ஆகியவற்றை அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும். மீதெவிட்டலைக் கணக்கிட ஈக்வில்2 போன்ற கணினி நிரல்கள் உள்ளன. ஆனால் எளிமையாக்கப்பட்ட ஒரு சிறுநீரின் அயனிச் சமநிலையை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்காதவர், நிரல் தரும் எண்ணை எங்கே நம்பக்கூடாது என்பதை அறியமாட்டார். அதேபோல், சிறுநீரை உருவாக்கும் நுண்குழலான நெஃப்ரானை நினைவிலிருந்து வரைந்து, அதன் ஒவ்வொரு பகுதியிலும் கால்சியம், பாஸ்பேட், ஆக்சலேட், பி.எச். எப்படி மாறுகின்றன என்று குறிக்கும் பயிற்சியும் எல்லோருக்கும் வேண்டும். கல் எங்கே தொடங்குகிறது என்ற விவாதம் முழுவதும் அந்தப் படத்தின் மேல்தான் நடக்கிறது.

கண்ணைப் பழக்குதல்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதங்களை நுண்ணோக்கியின் முன் செலவிடும்படி சொல்வேன். கருவிகள் எவ்வளவு முன்னேறினாலும், படிகத்தைப் பார்த்த அளவில் அடையாளம் காணும் கண் வாய்க்காதவர், தம் முடிவுகளை எப்போதும் பிறர் சொல்லைக் கேட்டே நம்ப வேண்டியிருக்கும். கால்சியம் ஆக்சலேட்டின் இரு நீர் மூலக்கூறு கொண்ட வடிவமான டைஹைட்ரேட் இரட்டைப் பிரமிடாக, மேலிருந்து பார்க்கும்போது அஞ்சல் உறையின் பின்புறம் போலத் தெரியும். ஒரு நீர் மூலக்கூறு கொண்ட மோனோஹைட்ரேட் நீள்வட்டமாகவோ நடுவில் ஒடுங்கியோ இருக்கும். சிஸ்டைன் ஒழுங்கான அறுகோணத் தகடாக இருக்கும். யூரிக் அமிலம் மஞ்சள் தோய்ந்த சாய்சதுரங்களாக வரும். இவற்றைப் புத்தகப் படங்களில் பார்த்துப் பழகுவது போதாது. உடல் வெப்பநிலை குறையாமல் கொண்டுவரப்பட்ட புதிய சிறுநீரில், பி.எச். அளவைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான முறை பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த சிறுநீரில் தோன்றும் படிகங்களில் பல, உடலுக்குள் இருந்தவையே அல்ல; குளிரில் உண்டானவை. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டவர், பின்னாளில் பிறருடைய கட்டுரைகளைப் படிக்கும்போதும் மாதிரி எப்படி வைக்கப்பட்டது என்ற பத்தியைத்தான் முதலில் தேடுவார்.

ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு படிகங்களைக் காட்டும் தளவிளைவு (போலரைசிங்) நுண்ணோக்கியைக் கையாளத் தெரியாமல் இத்துறையில் முன்னேற முடியாது. 1961இல் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும் கவுட் நோயாளிகளின் மூட்டுநீரில் மோனோசோடியம் யூரேட் படிகங்களை இந்த நுண்ணோக்கியைக் கொண்டு காட்டியபோது, ஒரு மூட்டுநோயின் காரணம் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக மாறியது. நுண்ணோக்கியில் நிற வேறுபாட்டைக் காட்டச் செருகும் ஈடுசெய் தகட்டின் மெதுவான அச்சுக்கு இணையாக இருக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகவும், செங்குத்தாகத் திருப்பினால் நீலமாகவும் தெரியும். கால்சியம் பைரோபாஸ்பேட் படிகத்தில் இந்த நிறங்கள் இடம் மாறும், ஒளிர்வும் மங்கலாக இருக்கும். மேடையைச் சுழற்றி இந்த மாற்றத்தைப் பார்க்கும் ஒரு நிமிடத்தில், படிகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை ஒளிவிலகல் குறித்து ஒரு முழுப் பாடம் கற்பிக்காததைக் கற்றுக்கொள்ளலாம்.

கல் கைக்கு வந்தால், அதைப் பொடியாக்குவதற்கு முன் பார்க்க வேண்டும். மேற்பரப்பின் நிறம், அமைப்பு, சிறுநீரகக் காம்பில் (சிறுநீர் வெளிவரும் கூம்பு முனையான பாப்பிலாவில்) ஒட்டியிருந்த குழிவு ஆகியவற்றை முப்பரிமாண நுண்ணோக்கியில் பார்த்துப் படமெடுத்து, பிறகு குறுக்கே வெட்டி, மையத்தையும் ஓரத்தையும் தனித்தனியாக எடுத்து அகச்சிவப்பு நிறமாலைக்கு அனுப்ப வேண்டும். முழுக் கல்லையும் ஒன்றாக அரைத்துவிட்டால், கல் எதில் தொடங்கியது என்ற செய்தி அந்த உரலிலேயே அழிந்துவிடுகிறது. பாரிசில் மிஷேல் டோடோன் பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய கல் வகைப்பாட்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது. வேதியியல்படி சாதாரண கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்டாகவே தெரியும் ஒரு கல், வெளிறிய நிறத்துடனும் உள்ளே ஒழுங்கான வளையங்கள் இன்றியும் இருந்தால், அது சிறுநீரில் ஆக்சலேட் மிகும் பிறவி நோயான முதல்வகை ஹைப்பராக்சலூரியாவின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவ்வகைப்பாடு எச்சரிக்கிறது. நிறமாலை மட்டும் பார்த்தவர் இதைத் தவறவிடுவார். கல்லைப் பார்த்தவர் ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

எந்தப் படிகத்தை எடுத்துக்கொள்வது

கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் என்பதால், முனைவர் பட்ட மாணவர்களும் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். என் அறிவுரை வேறு. காரணம் தெளிவாகத் தெரிந்த, அரிதான ஒரு படிக நோயில் தொடங்குவது நல்லது. சிறுநீரில் சிஸ்டைன் மிகும் சிஸ்டினூரியாவில் எந்தக் கடத்திப் புரதம் பழுது, எந்த மரபணுக்களில் பிழை என்பது தெரியும். ஏபிஆர்டி என்ற நொதியின் குறைபாட்டில் 2,8-டைஹைட்ராக்சிஅடினைன் ஏன் சேர்கிறது என்பது தெரியும். வேர் தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு, படிகம் எப்படி வளர்கிறது, எதைத் தடுத்தால் நிற்கும் என்று கேட்கும்போது, கிடைக்கும் விடைக்குக் குழப்பமற்ற பொருள் இருக்கும்.

சிஸ்டைனை வொல்லாஸ்டன் 1810இலேயே சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து பிரித்துவிட்டார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 2010இல் ஜெஃப்ரி ரைமர், மைக்கேல் வார்ட் உள்ளிட்டோர், அணுவிசை நுண்ணோக்கியின் கீழ் சிஸ்டைன் படிகத்தின் படிகள் முன்னேறுவதை நேரடியாகப் பார்த்தபடி, அதே வடிவத்தை ஒத்த சிஸ்டைன் டைமெத்தில் எஸ்டர் என்ற மூலக்கூறைச் சேர்த்தபோது அந்த முன்னேற்றம் தடைப்படுவதைக் காட்டினர். கல் நோய்க்குப் படிகத்தின் முகத்தில் நின்று மருந்து தேடலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு உருவம் கொடுத்தது. முதல்வகை ஹைப்பராக்சலூரியாவின் கதை மறுகரையிலிருந்து வருகிறது: கல்லீரலில் ஏஜிஎக்ஸ்டி மரபணு தரும் நொதி பழுதாகி ஆக்சலேட் பெருகுகிறது என்ற அறிவு, அதற்கு முந்திய படியில் உள்ள கிளைக்கோலேட் ஆக்சிடேசைக் குறைக்கலாம் என்ற யோசனைக்கு இட்டுச் சென்று, 2020இல் லுமாசிரான் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இத்தகைய நோயில் பழகியவர், பிறகு சாதாரண கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு வரும்போது, எத்தனை காரணங்கள் அங்கே பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சரியாக மதிப்பிடுவார்.

யூரிக் அமிலமும் ஸ்ட்ரூவைட்டும் (மெக்னீசியம் அமோனியம் பாஸ்பேட்) உருவாகும் விதத்தில் எளியவை. முன்னது பெரும்பாலும் 5.5க்குக் கீழான பி.எச்.சின் விளைவு, பின்னது யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களின் விளைவு. ஆனால் சிலருடைய சிறுநீர் ஏன் எப்போதும் அமிலமாகவே இருக்கிறது என்பது வளர்சிதை மாற்ற ஆய்வாளருக்கு ஏற்ற, ஆழமான கேள்வி.

சிறுநீரை அளப்பது

24 மணி நேரச் சிறுநீர் இத்துறையின் அடிப்படை அளவீடு. மிக எளிதாகக் கெட்டுப்போகும் அளவீடும் அதுவே. கால்சியமும் ஆக்சலேட்டும் முழுமையாகக் கரைந்திருக்க அமிலம் சேர்க்க வேண்டும், யூரிக் அமிலமோ அமிலத்தில் படிந்துவிடும், பி.எச். அளக்க வேண்டுமானால் எதையும் சேர்க்கக்கூடாது. காரத்தன்மை ஏறிய சிறுநீரில் வைட்டமின் சி தானாகவே ஆக்சலேட்டாக மாறி, இல்லாத ஒரு நோயை எண்ணில் காட்டிவிடும். ஆகவே சேகரித்த சிறுநீரை எந்த வரிசையில் பிரித்து, எதில் எதைச் சேர்ப்பது என்பதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்து, ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொருவரும் அதே முறையில் செய்ய வேண்டும். சேகரிப்பு முழுமையா என்பதை, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினினைக் கொண்டு சரிபார்க்காத தரவை நான் தரவாக மதிப்பதில்லை. ஒரே நாள் சேகரிப்பும் போதாது. மனிதரின் உணவும் நீரும் நாளுக்கு நாள் மாறுவதால், குறைந்தது இரண்டு சேகரிப்புகள் வேண்டும்.

படிகத்தைச் செய்து செல்லின் மேல் வைப்பது

படிகங்கள் செல்லை எப்படிக் காயப்படுத்துகின்றன என்ற கேள்விக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படிகங்களை ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள். இங்கே கவனமின்மைக்கு விலை அதிகம். பாக்டீரியாவின் எண்டோடாக்சின் சிறிதளவு கலந்திருந்தாலும் மாக்ரோபேஜ் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் கிளர்ச்சியடையும். படிகம் செய்ததாக நாம் எழுதுவதை உண்மையில் அந்த மாசுதான் செய்திருக்கும். கண்ணாடிக் கலங்களில் எண்டோடாக்சினை அழிக்க 250 பாகை செல்சியஸில் சூடாக்குவது வழக்கம். அதே முறையைக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் படிகத்தின் மேலேயே செய்தால், அது தன் படிக நீரை இழந்து வேறு பொருளாகிவிடுகிறது. ஆகவே கரைசல்களைத் தொடக்கத்திலேயே எண்டோடாக்சின் அற்றவையாகத் தயாரித்து, படிகத்தைக் கழுவி, எண்டோடாக்சின் சோதனை செய்து, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் அது எந்த வடிவம் என்று உறுதிசெய்து, அளவுப் பரவலையும் பதிவு செய்ய வேண்டும். டைஹைட்ரேட் ஈரத்தில் வைத்திருக்கும்போதே மோனோஹைட்ரேட்டாக மாறக்கூடியது என்பதால், தயாரித்த நாளின் பகுப்பாய்வு சோதனை நடந்த நாளுக்குச் சான்றாகாது. திசு மாதிரிகளிலும் இதே விழிப்பு வேண்டும்: யூரேட் படிகம் நீர் கலந்த ஃபார்மலினில் கரைந்து போகும், அதைத் தேட வேண்டுமானால் திசுவை ஆல்கஹாலில் பதப்படுத்த வேண்டும்.

கேள்வியைக் கண்டுபிடிக்கும் இடம்

நல்ல கேள்விகள், இரண்டு நல்ல வாதங்கள் மோதும் இடத்தில் இருக்கின்றன. 1937இல் அலெக்சாண்டர் ராண்டால், சிறுநீரகக் காம்புகளின் மேல் சுண்ணாம்புப் படிவுகளைக் கண்டு, கற்கள் அவற்றின் மேல் வளர்கின்றன என்றார். 1978இல் ஃபின்லேசனும் ரீடும் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்தனர்: நெஃப்ரான் வழியாகத் திரவம் கடக்கும் நேரத்தையும் படிகம் வளரும் வேகத்தையும் கணக்கிட்டு, மிதந்து செல்லும் தனிப் படிகம் குழலை அடைக்கும் அளவுக்கு வளர நேரம் போதாது, ஆகவே எங்கோ ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றனர். படிகங்கள் ஒன்றோடொன்று திரண்டால் போதிய அளவை எட்டக்கூடும் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தனர். 2003இல் ஆண்ட்ரூ எவன், ஃபிரெடரிக் கோ, ஜேம்ஸ் லிங்கமன் குழுவினர், அறுவையின்போது எடுத்த திசுக்களைக் கொண்டு, ராண்டால் படிவு, நெஃப்ரானின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் மெல்லிய பகுதியின் அடிச்சவ்வில் அபடைட்டாக (ஒரு வகைக் கால்சியம் பாஸ்பேட்டாக) தொடங்குகிறது என்று காட்டினர். குடல் வழிமாற்று (பைபாஸ்) அறுவை செய்துகொண்டவர்களிடம் அந்தப் படிவு இல்லை. அவர்களுடைய சேகரிப்புக் குழாய்களின் உள்ளே படிகங்கள் இருந்தன. கல் ஒரே வழியில் பிறப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆய்வு அரிது.

இந்த வரலாற்றை வரிசையாக, மூலக் கட்டுரைகளிலேயே படிக்க வேண்டும். அப்போதுதான் எந்த விலங்கு மாதிரி எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்பது புரியும். எலிக்கு எத்திலீன் கிளைக்கால் கொடுத்தால் சிறுநீரகக் குழல்களில் ஆக்சலேட் படிகங்கள் நிரம்பும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் தானே ஒரு நஞ்சு, அங்கே ராண்டால் படிவும் உண்டாவதில்லை. குழலுக்குள் படிகம் தரும் காயத்தை ஆராய அது உதவும். மனிதரின் காம்பில் கல் எப்படித் தொடங்குகிறது என்பதை அது சொல்லாது. ஒரு தாவரச் சாறு அந்த எலியின் படிகங்களைக் குறைத்தது என்று மட்டும் சொல்லி முடியும் கட்டுரையை எழுதுவதற்கு முன், அந்தச் சாறு கல்லைத் தடுத்ததா, நஞ்சின் வளர்சிதை மாற்றத்தைத் தடுத்ததா என்று பிரித்துக் காட்டும் சோதனையைச் செய்வது ஆராய்ச்சியாளரின் கடமை. பழ ஈயின் சிறுநீரகம் போன்ற உறுப்பான மால்பிஜி குழல்கள் வேகமான முதல்கட்டச் சோதனைக்கு நல்லவை.

தடுப்பான் புரதங்களை ஆராய்வோர் கண்டிப்பாக நினைவில் கொள்ள வேண்டியது, சூழல் மாறினால் அவற்றின் செயலும் மாறும் என்பது. 1950இல் டாமும் ஹார்ஸ்ஃபாலும் பிரித்தெடுத்த புரதம் சாதாரணச் சூழலில் படிகங்கள் திரள்வதைத் தடுக்கிறது, பி.எச். குறைந்து உப்புச் செறிவு கூடும்போது அதுவே திரட்சிக்கு உதவக்கூடும். தூய நீரில் பெற்ற முடிவைச் சிறுநீருக்குப் பொருத்தக்கூடாது.

கல்லுக்கு அப்பால்

படிகம் உடலில் செய்யும் கேடு கல்லோடு நிற்பதில்லை. கொலஸ்ட்ரால் படிகம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாயை அடைக்கலாம். ஆக்சலேட்டோ, சல்ஃபாடையசின், அசைக்ளோவிர் போன்ற மருந்துகளோ குழல்களுக்குள் படிகமாகலாம். 2006இல் ஃபேபியோ மார்ட்டினோன், யுர்க் சோப் குழுவினர், யூரேட்டும் கால்சியம் பைரோபாஸ்பேட்டும் செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கும் புரதத் தொகுதியான என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோமைத் தூண்டி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளிவிடச் செய்கின்றன என்று கண்டனர். 2010இல் கொலஸ்ட்ரால் படிகத்துக்கும், 2013இல் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட்டுக்கும் அதே வழி காட்டப்பட்டது. கவுட், இரத்தக் குழாய்த் தடிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றை ஆராய்வோர் ஒரே மேசையில் உட்கார இது காரணமாயிற்று. கல் ஆராய்ச்சியாளர் இங்கே கொண்டுவரக்கூடிய சிறப்பு, படிகத்தைப் பற்றிய அறிவுதான். எதிர்ப்பாற்றல் வல்லுநர் பலருக்குப் படிகம் ஒரு தூண்டுபொருள் மட்டுமே; அதன் முகம், அளவு, மேற்பூச்சுப் புரதம் ஆகியவை விளைவை மாற்றும் என்று காட்ட நம்மால் முடியும்.

நோயாளியே தீர்ப்பளிக்கிறார்

1980இல் மியூனிக்கில் கிறிஸ்டியான் ஷவுசி குழுவினர் அதிர்வலையால் முதல் கல்லை உடைத்தார்கள். கல்லை அகற்றுவது எளிதாயிற்று, கல் மறுபடி வருவது நிற்கவில்லை. மறுபடி வருவதைத் தடுக்கும் ஆய்வில் ஈடுபடுவோர் மூன்று ஆய்வுகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். முதலாவது 1993இல் கேரி கர்ஹன் குழுவினர் 45,619 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்டது: உணவில் கால்சியம் அதிகம் உண்டவர்களுக்குக் கல் குறைவாக வந்தது. கால்சியக் கல்லுக்குக் கால்சியத்தைக் குறைக்கச் சொல்வது பொது அறிவாக இருந்த காலம் அது. இரண்டாவது, லோரிஸ் போர்கி குழுவினர் 2002இல் வெளியிட்டது: கல் மீண்டும் மீண்டும் வந்த 120 ஆண்களில், ஐந்து ஆண்டுகளில், கால்சியம் குறைந்த உணவு உண்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது; சாதாரண அளவு கால்சியத்துடன் உப்பையும் விலங்குப் புரதத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே திரும்பியது. குடலில் உள்ள ஆக்சலேட்டைக் கால்சியம் பிடித்துவைக்கிறது என்ற விளக்கம் அதன் பிறகுதான் உறுதிபெற்றது. மூன்றாவது 2023இல் வெளியான நோஸ்டோன்: 416 நோயாளிகளிடம் சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு மருந்தை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தபோது, கல் மறுபடி வருவதில் போலி மருந்தைவிடக் கணிசமான வேறுபாடு தெரியவில்லை. பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டுவந்த ஒரு மருந்து அது.

ஆய்வகத்தில் இருப்பவருக்கு இவற்றில் பாடம் உண்டு. சிறுநீரில் ஒரு எண் குறைவது நோயாளிக்குக் கல் வராமல் இருப்பதற்கு ஈடாகாது. கிளினிக்கல் டிரயலில் பங்குகொள்ள அழைத்தால் மறுக்காமல் சேர்ந்து, விளைவை எப்படி வரையறுப்பது என்ற முதல் கூட்டத்திலேயே பேச வேண்டும்: புதுக் கல், பழைய கல் வளர்ந்தது, பழைய கல் வெளியேறியது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். இவற்றைப் பிரிக்கத் தொடக்கத்தில் ஒரு சிடி ஸ்கேன் இல்லாவிட்டால், முடிவில் எவ்வளவு நுட்பமான புள்ளியியலும் பயன்படாது.

சொந்த ஆய்வகம்

முனைவர் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சிக்கு, பட்டம் பெற்ற ஆய்வகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. படிக வளர்ச்சியில் பட்டம் பெற்றவர் சிறுநீரக உடலியங்கியல் அல்லது மரபியல் ஆய்வகத்துக்கும், உயிரியலில் பெற்றவர் படிக வேதியியல் ஆய்வகத்துக்கும் போகலாம். பிறகு சொந்தமாகத் தொடங்கும்போது, நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரே ஒரு படிகம், உடலில் ஒரே ஓர் இடம், ஒரே ஒரு கேள்வி என்று எழுதுவது நல்லது. கல் நோய் எவ்வளவு பரவலானது என்று பக்கங்கள் எழுதுவதைவிட, கேள்விக்கு விடை எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதை விளக்குவது மதிப்பீட்டாளரை நம்பவைக்கும். முன்பு 'யூரலாஜிக்கல் ரிசர்ச்' என்ற பெயரில் வந்த 'யூரோலிதியாசிஸ்' இதழைத் தொடர்ந்து படிப்பதும், கல் ஆராய்ச்சியாளர் கூடும் சிறிய மாநாடுகளுக்குப் போவதும் பெரிய சிறுநீரகவியல் மாநாடுகளைவிட அதிகப் பயன் தரும். அங்கே மாதிரி கேட்டால் கிடைக்கும், குறை சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

அறுவை மருத்துவருடனான உறவை முதல் நாளிலிருந்து பேண வேண்டும். கல்லும், காம்பின் படமும், திசுவும் அவர் கையில்தான் இருக்கின்றன. நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல், கல் எடுக்கப்பட்ட பக்கமும் இடமும், அன்றைய மருந்துகள், அதற்கு முந்திய சிறுநீர் அளவீடு ஆகியவற்றுடன் சேர்த்து ஒவ்வொரு கல்லையும் உலர வைத்து, எண்ணிட்டு, ஒரு பகுதியை எதற்கும் பயன்படுத்தாமல் பாதுகாத்து வர வேண்டும். புதிய கருவி வரும்போது பழைய கேள்வியைத் திரும்பக் கேட்க அந்தப் பகுதிதான் இடம் தரும். தொகுப்பின் பதிவேட்டை, அதைத் தொகுத்தவர் இல்லாதபோதும் வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி, சுருக்கக் குறிகளின் விளக்கத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் பதிவேட்டை மட்டும் கொடுத்து, ஏதேனும் ஒரு கல்லைத் தேடி எடுத்து அதன் முழு வரலாற்றையும் சொல்லச் சொன்னால், பதிவேட்டில் எங்கே குறை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.